ஓட்டையில் உட்கார்ந்த ஈயம்

விருத்தாசலத்திலிருந்து ஒரு நேயர் எழுதியிருக்கிறார். பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கம் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருப்பவர். சூளையின் உஷ்ணத்தை வேண்டிய மட்டும் ஏற்றி, வேண்டிய இடத்தில் நிறுத்தும் பெட்டி ஒன்று அவரிடம் இருக்கிறது. அதற்குள்ளே 'ரிலே' என்ற சிறு சாதனம் கெட்டுப் போய்விட்டது. புது ரிலே சொற்ப விலைக்குக் கிடைத்துவிட்டது. பழையதைப் பெயர்த்தும் ஆயிற்று. பிறகுதான் தகராறு.

"புதியது உட்கார மாட்டேன் என்கிறது, ஐயா! ஐந்து கால்களுக்கு ஐந்து ஓட்டைகள். ஐந்திலும் ஈயம் அடைத்துக் கொண்டு கிடக்கிறது. ஊசியால் குத்தினேன், அசையவில்லை. டிரில் போட்டுத் துளைத்து விடலாமே என்கிறான் மைத்துனன். கார்த்திகைக்கு அகல் விளக்கு ஆர்டர் வாங்கியிருக்கிறேன். போர்டு போனால் பெட்டியையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். என்ன செய்யட்டும்?"

முதல் காரியமாக, மைத்துனர் கையிலிருந்து அந்த டிரில்லை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டாவது காரியமாக, பெட்டிக்கு வரும் மின்சார இணைப்பை அடியோடு கழற்றி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. போர்டில் பெரிய கண்டென்ஸர்கள் இருந்தால், இணைப்பைக் கழற்றிய பிறகும் அவை கொஞ்ச நேரம் மின்சாரத்தை வயிற்றில் அடக்கி வைத்துக் கொண்டிருக்கும். ஆகையால் கழற்றியவுடன் கை வைக்க வேண்டாம். இதற்குப் பிறகு நிதானமாக உட்கார்ந்து பேசலாம்.

டிரில் ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். போர்டு என்பது கண்ணாடி நாரையும் பிசினையும் சேர்த்து அழுத்திய தட்டு. சாதாரணமாக 1.6 மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதன் இரண்டு முகங்களிலும் செம்புக் கோடுகள் ஓடுகின்றன. இந்த முகத்துச் செம்பையும் அந்த முகத்துச் செம்பையும் இணைப்பது எது? அந்த ஓட்டைதான்! ஓட்டையின் உட்சுவரில் செம்பு பூசியிருக்கிறார்கள். அதன் கனம் ஏறக்குறைய 25 மைக்ரான். நம் தலைமயிரின் கனத்தில் பாதி கூடத் தேறாது. டிரில் உள்ளே போனால் ஈயம் வெளியே வரும், வாஸ்தவம். கூடவே அந்தச் செம்புச் சுவரும் சுருண்டு கொண்டு வந்துவிடும். கிணற்றைத் தூர் வாரப் போய் உறையைப் பெயர்த்தெடுத்த கதைதான்!

பழைய டிரான்ஸிஸ்டர் ரேடியோக்களில் பழுப்பு நிற போர்டு இருக்கும். அதில் ஒரு முகத்தில் மட்டுமே செம்பு. ஓட்டைக்கு உறையே கிடையாது. டிரில் போட்டாலும் பிழைத்துக் கொள்ளும். அந்த நாளில் கைப்பழக்கம் ஏற்பட்டவர்கள் இந்த நாளைய போர்டிலும் அதையே செய்து பார்த்துவிட்டுக் கையைப் பிசைகிறார்கள்.

சரி, ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் இந்த ஆசாமி யார்? ரிப்பேர்க் கடையில் 'லெட்' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார்கள். 'லெட்' என்றால் காரீயம். ஆனால் இதில் பாதிக்கு மேல் வெள்ளீயம். நூறில் 60 அல்லது 63 பங்கு வெள்ளீயம், மீதி காரீயம்.

வெள்ளீயம் நம் வீட்டுப் பெண்மணிகளுக்குப் புதிதல்ல. ரசம் வைக்கிற ஈயச் சொம்பு அதுவேதான். ரசம் இருக்கிற வரையில் சொம்புக்கு ஆபத்தில்லை. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூட்டை ஏற விடாது. வெறும் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு அடுத்த வீட்டு மாமியோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டு வந்தால், அடுப்பில் சொம்பு இராது; வெள்ளிக் குளம்தான் இருக்கும். வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். காரீயத்துக்கு 327 டிகிரி வேண்டும்.

இவர்கள் இருவரையும் 63-க்கு 37 என்ற கணக்கில் கலந்தால் எத்தனை டிகிரியில் உருகும் என்று நினைக்கிறீர்கள்? இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ என்றுதானே தோன்றுகிறது? இல்லை. 183 டிகிரியில் உருகிவிடுகிறது! தனித்தனியே இருந்தபோது பிடிவாதக்காரர்களாக இருந்தவர்கள், கூடி வாழ்கிறபோது இளகிவிடுகிறார்கள். எல்லாத் தம்பதிகளும் இப்படி அமைந்துவிட்டால் எத்தனை சௌகரியம்!

ஆனால் ஒன்று. ஐரோப்பிய யூனியன் 2006 ஜூலை 1 முதல் மின்னணுச் சாமான்களில் காரீயத்துக்குக் கட்டுப்பாடு வைத்தது. அதிலிருந்து காரீயம் இல்லாத கலவை உலகெங்கும் பரவிவிட்டது. வெள்ளீயத்தோடு கொஞ்சம் வெள்ளியும் இம்மியளவு செம்பும் சேர்ந்த கலவை அது. 217 டிகிரிக்கு மேல்தான் இளகும். உங்கள் போர்டு சமீப காலத்தியதானால் ஓட்டையில் உட்கார்ந்திருப்பது இந்தப் புது ஆசாமியாக இருக்கலாம். மசிய மறுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி, ஈயத்தின் குணம் ஒன்றைத் தெரிந்து கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். உருகிய ஈயத்துக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் உண்டு. செம்பைக் கண்டால் விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல் ஓடி ஒட்டிக் கொள்ளும். மரத்தைக் கண்டால், பீங்கானைக் கண்டால், எவர்சில்வரைக் கண்டால் தாமரை இலைத் தண்ணீராக உருண்டு ஓடிவிடும். ஓட்டையைச் சுத்தம் செய்யும் வித்தை முழுவதும் இந்த விருப்பு வெறுப்பில் அடங்கியிருக்கிறது. பலத்துக்கு இங்கே வேலை இல்லை.

பீங்கானில் ஈயம் ஒட்டாது என்பதை விருத்தாசலத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் வீட்டு மீட்டர்ப் பலகைகளில் இருக்கும் வெள்ளைப் பீங்கான் ப்யூஸ் கேரியர் அந்த ஊர்ச் சரக்காக இருந்தால் ஆச்சரியமில்லை. ஆனால் அதே பீங்கானுக்கும் இந்தப் போர்டுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. இரண்டாவது உலக யுத்தத்தின் கடைசிக் காலத்தில், பீரங்கிக் குண்டின் முனையில் வைக்கும்படியான ஒரு சின்னஞ்சிறு ரேடியோ சாதனம் அமெரிக்காவுக்குத் தேவைப்பட்டது. ஸென்ட்ராலாப் என்ற கம்பெனியார் பீங்கான் தகட்டின்மேல் வெள்ளி மையால் கோடுகளை அச்சடித்து, சூளையில் சுட்டு எடுத்தார்கள். பீங்கானில் ஒட்டாத ஈயம் அந்த வெள்ளிக் கோட்டில் ஒட்டிக் கொண்டது! அதற்கு முன்பே, 1936-ல், லண்டனில் பால் ஐஸ்லர் என்ற ஆஸ்திரியக்காரர் அச்சடித்த செம்புக் கோடுகளை வைத்து ரேடியோ ஒன்று செய்து பார்த்திருந்தார். அன்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக் கொள்ளவில்லை. யுத்தம் வந்துதான் கண்ணைத் திறந்தது. யுத்தத்துக்கு இந்த மாதிரி பெருமைகள் சில உண்டு. விலைதான் கட்டி வராது.

அது கிடக்கட்டும். வேலைக்கு வருவோம்.

உங்கள் ஓட்டையில் கிடப்பது பழைய ஈயம். அதன்மேல் துருவைப் போல் ஒரு தோல் படிந்திருக்கும். சூட்டுக்கோலை அதன்மேல் வைத்தால் சூடு சரியாக உள்ளே இறங்காது. என்ன செய்ய வேண்டும்? அதன்மேல் இன்னும் கொஞ்சம் புது ஈயம் வைக்க வேண்டும்! அடைப்பை எடுக்கச் சொன்னால் மேலும் அடைக்கச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். முள்ளை முள்ளால் எடுப்பது போலத்தான் இது. புது ஈயக் கம்பியின் நடுவே ஃப்ளக்ஸ் இருக்கிறது. அது அந்தத் தோலைக் கரைத்துவிடும். புதியதும் பழையதும் ஒன்றாகக் கலந்து, ஒரே பளபளப்பாக இளகி நிற்கும். காரீயமில்லாத கலவையாக இருந்தாலும், நம் பழைய கலவை கொஞ்சம் சேர்ந்தவுடன் முன்னைவிடக் குறைந்த சூட்டில் மசிந்து விடுகிறது.

ஃப்ளக்ஸ் என்றதும் ஒரு ஞாபகம். "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது!" என்று கூவிக் கொண்டு தெருவில் ஒருவர் வருவாரே, அவர் வேலையைக் கவனித்திருக்கிறீர்களா? பித்தளைப் பாத்திரத்தை நன்றாகத் தேய்த்து, துருத்தி அடுப்பில் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவுவார். குப்பென்று வெள்ளைப் புகை கிளம்பும். ஈயத்தை ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் ஒரு சுற்றுச் சுற்றுவார். பாத்திரம் வெள்ளியாகிவிடும். நவச்சாரம் செய்த வேலையைத்தான் இங்கே ஃப்ளக்ஸ் செய்கிறது. ஆனால் நவச்சாரத்தையோ திராவகம் கலந்த பேஸ்ட்டையோ போர்டின் பக்கம் கொண்டு வந்துவிடாதீர்கள். மெல்லிய செம்புக் கோட்டை நாளாவட்டத்தில் பச்சைக் களிம்பு ஏற்றி அரித்துவிடும். இங்கே வேண்டியது ரோஸின். வயலின் வித்வான்கள் கச்சேரிக்கு முன்னால் வில்லில் தேய்த்துக் கொள்கிறார்களே, அதே பைன் மரத்துப் பிசின்தான்.

அந்த ஈயம் பூசுகிறவர் இப்போது எங்கே? எவர்சில்வர் வந்தது, அவரைத் தெருவை விட்டே அனுப்பிவிட்டது. எவர்சில்வரில் ஈயம் ஒட்டாது, பூச வேண்டிய அவசியமும் இல்லை. அவர் பிழைப்பைக் கெடுத்த அதே குணம்தான் இன்று நமக்கு உதவிக்கு வரப் போகிறது.

அடுத்து, சூட்டுக்கோல். பயந்து கொண்டு மிகச் சிறியதாக எடுக்காதீர்கள். சூடு போதாத கல்லில் வார்த்த தோசை என்ன ஆகும்? ஒட்டிக் கொள்ளும், திருப்பினால் கிழியும். போர்டும் அப்படியே. சோப்பலான கோலை அரை நிமிஷம் அழுத்திக் கொண்டிருந்தால், ஓட்டையைச் சுற்றியுள்ள செம்பு வளையத்தைப் போர்டில் பிடித்திருக்கும் பிசின் இளகி, வளையம் தோல் உரிவது போல் உரிந்து வந்துவிடும். நல்ல சூட்டில், சுமார் 350 டிகிரியில், மூன்று விநாடி வைத்து எடுப்பதே போர்டுக்குக் க்ஷேமம். ஒரு தடவையில் முடியாவிட்டால் ஆற விட்டு மறு தடவை பாருங்கள்.

இப்போது உறிஞ்சும் குழாய். கடைகளில் 'சக்கர்' என்றே கேட்கலாம். பேனாவைவிடப் பருமனாக, உள்ளே ஸ்பிரிங் வைத்திருக்கும். அழுத்திப் பூட்டி வைத்து, பொத்தானைத் தட்டினால் சட்டென்று உறிஞ்சும். அதன் மூக்கு சூடு தாங்கும் டெப்லானால் ஆனது. அதுவும் ஈயத்துக்கு வேண்டாதவர் பட்டியலில் சேர்ந்தது. பலர் செய்யும் பிசகு என்னவென்றால், ஒரே பக்கத்தில் கோலை வைத்து இளக்கி, கோலை எடுத்துவிட்டுக் குழாயைக் கொண்டு போவார்கள். அதற்குள் ஈயம் மறுபடி உறைந்துவிடும். அரை விநாடி போதும் அதற்கு!

விருத்தாசலத்துக்காரருக்கு வழி அவர் ஊர்க் கதையிலேயே இருக்கிறது. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் இறைவனிடம் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் குளத்தில் எடுத்துக் கொண்டார் அல்லவா? 'ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவது' என்று கேலியாகச் சொல்கிறோமே, இங்கே அதுவே சரியான முறை! போர்டைச் செங்குத்தாக நிறுத்தி ஒருவர் ஓரத்தைப் பிடித்துக் கொள்ளட்டும். (மைத்துனருக்கும் ஒரு வேலை ஆயிற்று.) இந்த முகத்தில் கோலை வையுங்கள். அந்த முகத்தில் குழாயின் மூக்கை ஓட்டைமேல் பொருத்தமாக அழுத்திக் கொள்ளுங்கள். செம்புச் சுவர் வழியாகச் சூடு மறுபக்கம் போய், ஈயம் முழுவதும் இளகியதும் பொத்தானைத் தட்டுங்கள். சூட்டை இங்கே போட்டு, ஈயத்தை அங்கே எடுத்துக் கொள்ள வேண்டியது! கோல் கடைசி வரையில் இந்தப் பக்கம் இருந்து கொண்டே இருப்பதால் ஈயம் உறைய அவகாசம் இல்லை.

குழாய் இல்லையா? ஒரு பல்குத்தும் மூங்கில் குச்சியை எடுத்துக் கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் கோலை வைத்து இளக்கி, மறுபக்கத்திலிருந்து குச்சியை மெள்ள உள்ளே விடுங்கள். கோலை எடுத்துவிட்டு, ஆறும் வரையில் காத்திருந்து, குச்சியைத் திருகி வெளியே இழுங்கள். மரத்தில் ஈயம் ஒட்டாதாகையால் ஓட்டை திறந்து கொள்ளும். ஈயம் அப்படியே சுவரோரம் ஒதுங்கியிருக்கும்; அதனால் பாதகமில்லை. குச்சிக்குப் பதில் மெல்லிய எவர்சில்வர் ஊசியும் உதவும். நேயர் ஊசியால் குத்தியதாக எழுதியிருக்கிறார். ஊசியின்மேல் குற்றமில்லை. குளிர்ந்த ஈயத்தைக் குத்தினால் யார்தான் வழி விடுவார்கள்?

இன்னொரு வழி, செம்புப் பின்னல். நாடா மாதிரி மெல்லிய செம்புக் கம்பிகளைப் பின்னி, ஃப்ளக்ஸில் தோய்த்து விற்கிறார்கள். பின்னலை ஓட்டைமேல் வைத்து, அதன்மேல் கோலை வைத்தால், அகலில் திரி எண்ணெயை இழுப்பது போல் ஈயத்தை இழுத்துக் கொள்கிறது. போர்டின் முகத்தைத் துடைத்து வைத்தாற்போல் ஆக்க இதற்கு இணை இல்லை. ஓட்டையின் ஆழத்திலிருந்து இழுப்பதில் குழாய்க்கு ஒரு மாற்றுக் குறைவுதான் என்பது என் அபிப்பிராயம். எடுக்கும்போது பின்னலையும் கோலையும் சேர்த்தே தூக்க வேண்டும். கோலை முதலில் எடுத்துவிட்டால் பின்னல் போர்டோடு உறைந்து கொள்ளும். பிய்த்தால் செம்பு வளையமும் கூட வரும். பழைய டெலிவிஷன் கேபிளின் உறையில் இருக்கும் பின்னலை ரோஸினில் தோய்த்தும் உபயோகிக்கலாம். அது செம்பாக இருக்க வேண்டும். அலுமினியமானால் ஈயம் திரும்பியும் பாராது.

ஐந்து ஓட்டைகளில் இரண்டு மூன்று சொன்னபடி கேட்கும். ஒன்று மட்டும் முரண்டு செய்யும். ஏன் தெரியுமா? ரிலேயின் ஐந்து கால்களில் இரண்டு சுருளுக்கு. மற்ற மூன்றும் கனத்த மின்சாரம் போகிற பாதை. அந்த மூன்றுக்கும் போர்டில் அகலமான செம்புப் பட்டை இருக்கும். கோல் கொடுக்கிற சூட்டையெல்லாம் பட்டை வாங்கி நாலா பக்கமும் வாரி இறைத்துவிடும். கல்யாண வீட்டு அண்டாவை ஸ்டவ்வில் வைத்த மாதிரி! இந்த இடத்தில் கோலின் கூர் முனையைக் கழற்றிவிட்டு அகல முனையைப் போட்டுக் கொள்ளுங்கள். தலைமயிர் உலர்த்தும் யந்திரம் வீட்டில் இருந்தால், போர்டை முன்னதாகக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்கிக் கொள்வதும் நல்லது. பாதி வேலை குறைந்துவிடும்.

ரிப்பேர்க் கடைகளில் வேறொரு குறுக்கு வழி பார்க்கலாம். ஈயத்தை இளக்கிவிட்டு போர்டை மேஜையில் ஓங்கி ஒரு தட்டு. அல்லது வாயால் ஒரு ஊது. "அண்ணே, ஊதட்டுமா?" என்று பையன் கேட்பான். "ஊதாதேடா தம்பி, கண்ணிலே தெறிக்கும்!" என்று நல்ல மேஸ்திரியானால் அதட்டுவார். கண் தப்பினாலும் போர்டு தப்பாது. தெறித்த ஈயம் கடுகு கடுகாக மற்றச் சில்லுகளின் கால்களுக்கிடையே போய் உட்கார்ந்து கொள்ளும். மின்சாரம் கொடுத்தவுடன் அது தன் கைவரிசையைக் காட்டும். ஒரு ரிலேக்காக ஆரம்பித்த வேலை ஒன்பது சாமான்களில் போய் முடியும். சூளைப் பெட்டியில் இது விளையாட்டல்ல. எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தாத சூளை, உள்ளே அடுக்கியிருக்கும் அத்தனை அகலையும் கோணலாக்கி ஒன்றோடொன்று ஒட்டவைத்துக் கொடுத்துவிடும். ஆகையால் வேலை முடிந்ததும் நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து இரண்டு முகங்களையும் பார்க்காமல் பெட்டியை மூடாதீர்கள். முதல் தடவை வெறும் சூளையை ஓட்டிப் பாருங்கள். சரக்கை அப்புறம் அடுக்கலாம்.

ஒருவேளை கடிதம் எழுதிய பிறகு மைத்துனர் ஓர் ஓட்டையில் டிரில்லைப் போட்டே விட்டாரானால்? போர்டைத் தூக்கி எறிய வேண்டாம். உறை போன ஓட்டையில் ரிலேயின் கால் இறங்கும். ஆனால் மேல் முகத்துக்கும் கீழ் முகத்துக்கும் உள்ள தொடர்பு அறுந்திருக்கும். மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை எடுத்து, அந்தக் காலோடு ஒரு நுனியையும், மேல் முகத்தில் அறுந்து நிற்கும் கோட்டோடு மறு நுனியையும் பற்ற வைத்துவிடலாம். பார்க்க அழகாக இராது. நன்றாக வேலை செய்யும். ஆனால் கனத்த மின்சாரம் போகிற கால்களானால் கம்பியும் அதற்குத் தக்க கனமாக இருக்க வேண்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. இந்த வேலையைச் சமையலறை மேடையில் செய்ய விடாதீர்கள். சாப்பிடும் தட்டில் ஈயத்தை வழித்துப் போடவும் விடாதீர்கள். கோலின் சூட்டில் காரீயம் ஆவியாகிப் பறப்பதில்லை. அது கொதிக்க 1,700 டிகிரிக்கு மேல் வேண்டும். கிளம்புகிற புகை ரோஸின் புகை. அது மூச்சுக்கு ஆகாது, இழுப்பு நோய்க்காரர்களுக்கு அறவே ஆகாது. ஜன்னலைத் திறந்து வைத்து, புகை முகத்தில் படாமல் உட்கார வேண்டும். காரீயம் நம்மிடம் வந்து சேருவது கை வழியாக, வாய் வழியாக. சக்கரைத் திறந்து தட்டும்போது பொடிப் பொடியாக விழுகிறதே, அதில்தான் விஷமம் இருக்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும். ஆகவே குழந்தைகளை அந்த அறைக்குள் விட வேண்டாம். தட்டிய பொடியை ஒரு மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, நிரம்பியதும் பழைய போர்டுகளோடு மின்கழிவு எடுக்கிறவர்களிடம் கொடுத்துவிடுங்கள். மேஜையை ஈரத் துணியால் துடைத்து, சோப்புப் போட்டுக் கையைக் கழுவிவிட்டுக் காபி சாப்பிடலாம்.

புது ரிலேயை வைக்கும்போது கால்கள் தாமாக இறங்க வேண்டும். இறங்காவிட்டால் எங்கேயோ ஓர் ஓட்டையில் இன்னும் கொஞ்சம் ஈயம் பாக்கி என்று அர்த்தம். அழுத்தாமல், வெளிச்சத்துக்கு நேரே போர்டைப் பிடித்துப் பாருங்கள். ஐந்து ஓட்டையிலும் வெளிச்சம் தெரிகிறதா?